வரதன் தலைக்கு மேல் ஒரு பேட்

கேன்டீனில் பி ஷிஃப்ட் ஆட்கள் சாப்பிடும் மேசைக்கு நேர் மேலே ஒரு கண்ணாடிப் பெட்டியை மாட்டினார்கள். அதைப் பார்த்ததும் வரதன் தட்டையும் மஞ்சள் டேப் சுற்றிய தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டான்.

பெட்டி காலியாகத்தான் இருந்தது. அதில் வரப்போவது என்ன என்று தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனி முழுக்கத் தெரியும். போன வருஷம் இரண்டு ஷிஃப்டும் மோதிய கிரிக்கெட் ஃபைனலில், கடைசிப் பந்தில், ஏ ஷிஃப்ட் மோகன்ராஜ் சிக்ஸர் அடித்த பேட். அந்தப் பந்தைப் போட்டவன் வரதன்.

"தெனம் அதுக்குக் கீழ குந்திக்கினு நான் சோறு துன்னணுமாக்கா?" என்றான். "அது அந்த பேட்டே இல்ல, டூப்பு. நீயே பாத்து சொல்லு."

நான் தரப் பரிசோதனைப் பிரிவு. கார் கதவில் வைக்கும் ரப்பர் பட்டையில் ஒரு கீறல் இருந்தால், அது அச்சில் வந்ததா, எடுத்த கையில் வந்ததா என்று பார்ப்பது என் வேலை. பேட்டிலும் அப்படித்தானே பார்க்க வேண்டும்? நான் பார்த்தால் சரி என்று இரண்டு ஷிஃப்டும் ஒப்புக்கொண்டன.

"ஆனா சுருக்கா சொல்லணும் சுமலதாக்கா," என்றான் மோகன்ராஜ். "போன தபா ரப்பர் ஓரத்துல பிசிறு ஏன் வருதுன்னு கேட்டேன். டீ ஆறிப் பாலாடை கட்டிப் போச்சு."

மறுநாள் ஷிஃப்ட் மாறும் சாப்பாட்டு நேரத்தில் மோகன்ராஜ் பேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். புது நீலக் கிரிப், புது ஸ்டிக்கர். நடுவில் ஒரு சிவப்புக் கறை.

வரதன் பாய்ந்தான். "பாத்தியாக்கா! ஃபைனல்ல ஆடுனது பச்ச டென்னிஸ் பந்து. இது கார்க் பந்து பட்ட செவப்பு. வேற எங்கியோ ஆடுன பேட்டு!"

நல்ல சந்தேகம்தான். ஆனால் கார்க் பந்து பட்டால் மரம் கொஞ்சமாவது அமுங்கும். விரலால் தடவினேன், பள்ளமே இல்லை. கேன்டீனில் ஒரு எலுமிச்சை மூடி வாங்கி, கறைமேல் ஒரு சொட்டு விட்டேன். சிவப்பு மஞ்சளாக மாறியது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், அசல் குங்குமம் அதுதான். புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும். வெறும் சாயம் கலந்த குங்குமம் மாறாது என்று விளக்கினேன்.

"குங்குமமா?" என்றான் வரதன்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன்," என்றான் மோகன்ராஜ் வெட்கத்தோடு. "வண்டிக்கு வெச்சேன், இதுக்கும் வெச்சேன்."

அடுத்தது போட்டோ. சிக்ஸர் அடித்த கையோடு மோகன்ராஜ் பேட்டைத் தூக்கிக் காட்டியதை இம்மானுவேல் போனில் எடுத்திருந்தான். ஏ ஷிஃப்டில் அவன் பன்னிரண்டாவது ஆள், வெளியே இருந்து தண்ணீரும் பேட்டும் கொடுப்பவன். பேட்டின் முகத்தில் மேலிருந்து கீழே கோடுகள் ஓடும். மரத்தின் வளர்ச்சிக் கோடுகள் அவை. ஒரு பேட்டில் இருப்பதுபோல இன்னொன்றில் இருக்காது. போட்டோவில் ஒரு கோடு பாதியில் வளைந்து ஒரு பழுப்புப் புள்ளியைச் சுற்றிப் போனது. மேசைமேல் இருந்த பேட்டிலும் அதே இடத்தில் அதே வளைவு, அதே புள்ளி.

"அதே பேட்தான்," என்றேன்.

ஏ ஷிஃப்ட் மேசைகள் அதிர்ந்தன. "மாட்டிக்கோங்க," என்று வரதன் தட்டைப் பார்த்துச் சொன்னான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். கையில் எடுத்த பொருளை எல்லாப் பக்கமும் பார்க்காமல் வைக்க எனக்கு வராது. பேட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பினேன். பந்துக்குக் காத்திருக்கும்போது எல்லோரும் பேட்டைத் தரையில் தட்டுவார்கள். கை சாய்கிற பக்கமாக ஒரு மூலை தேயும். வலக்கை ஆட்டக்காரருக்கு ஒரு மூலை, இடக்கைக்காரருக்கு எதிர் மூலை.

"மோகன், நீ வலக்கைதானே? இது இடக்கை ஆள் தட்டித் தட்டித் தேய்ஞ்ச பேட்."

வரதனுக்கு உயிர் வந்தது. "நான் சொல்லல? எவன் பேட்டையோ தூக்கினு வந்துட்டு ஹீரோ வேஷம்! எவன்டா அந்த இடக்கை?"

எல்லோரும் வரதனின் கையைத்தான் பார்த்தார்கள். சோறு பிசைந்த வலது கை அல்ல. பாட்டிலைப் பிடித்திருந்த இடது கை. இரண்டு டீமிலும் இடக்கை ஆட்டக்காரன் அவன் ஒருவன்தான்.

இம்மானுவேல் மெதுவாகச் சொன்னான்: "கடைசி ஓவர்ல மோகன் பேட்டு புடி ஒடைஞ்சிச்சு. 'பேட்டு, பேட்டு'ன்னு கத்துனான். வேப்ப மரத்தாண்ட ரெண்டு டீம் பேட்டும் ஒண்ணா கெடந்துச்சு. கைக்கு வந்தத எடுத்து வீசுனேன்."

"நான் நம்ம டீம் பேட்டுன்னு நெனச்சிக்கினேன்," என்றான் மோகன்ராஜ்.

நீலக் கிரிப்பைச் சுருட்டி இறக்கினேன். உள்ளே பழைய கிரிப், அதற்கும் அடியில் மஞ்சள் இன்சுலேஷன் டேப். வரதன் எலக்ட்ரிக்கல் பிரிவு. பாட்டில், குடை, ஹெல்மெட் என்று தன் பொருள் எல்லாவற்றுக்கும் அந்த டேப்பைத்தான் சுற்றுவான். அன்று மைதானத்தில் தொலைந்த பேட்டுக்காக ஒரு வருஷமாக பி ஷிஃப்டில் பாதிப் பேரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

"உன் பேட்டாலயே உன்ன அட்ச்சிக்கிறான்டா!" என்று யாரோ சொல்ல, கேன்டீன் கொல்லென்று சிரித்தது.

வரதன் சிரிக்கவில்லை. பேட்டை வாங்கினான். இடக்கை ஆட்டக்காரனாக நின்று தரையில் ஒரு தட்டுத் தட்டினான். தேய்ந்த மூலை தரையோடு பொருந்தி உட்கார்ந்தது.

"என்னுது. ஊட்டுக்கு எடுத்துனு போறேன்," என்று கதவை நோக்கி நடந்தான். மோகன்ராஜ் நகர்ந்து வழி விட்டான். பெட்டி காலியாகவே தொங்கும். வரதன் கேட்டதும் அதுதான்.

கதவருகே நின்றான். "டேய் மோகன். அந்தப் பந்து எங்க போய் வுழுந்துச்சு?"

"ஏரி ரொம்புனா தண்ணி வழியுமே, அந்தக் கலங்கலத் தாண்டி. தேடியும் கெடைக்கல."

"தாண்டும்," என்றான் வரதன். "என் பேட்டு ஆச்சே."

திரும்பி வந்து, நாற்காலிமேல் ஏறி, பேட்டை அவனே பெட்டியில் வைத்தான். தேய்ந்த மூலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

இப்போது அவன் அதற்குக் கீழேதான் சாப்பிடுகிறான். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் பந்து கலங்கலைத் தாண்டிய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். பந்து போட்டது யார் என்று கேட்டால் மட்டும் ரசம் வாங்க எழுந்து போய்விடுவான்.