குண்டூசிக்கு நகம் வெட்டுவது

‘இந்த வாரம் நெயில் வேலை கிடையாது’ என்று அட்டையில் எழுதி பார்லரின் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பேங்க் மேடம் வந்து நின்றார். பத்து விரலையும் என் மூக்குக்கு நேராக விரித்துக் காட்டினார். சாயம் பாதி உரிந்து திட்டுத் திட்டாகக் கிடந்தது.

"எனக்கு மட்டுமாவது செஞ்சு விடும்மா. வியாழக்கிழமை பெரிய ஆபீசர் வர்றாரு."

"முடி வெட்டறேன், புருவம் எடுக்கறேன் மேடம். நகத்துல மட்டும் கை வைக்க மாட்டேன்."

"ஏன், கையில அடியா?"

"இல்ல. எங்க வீட்டு நாய்க்கு நகம் வெட்டணும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நான் நக்கல் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார். போகட்டும். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அவர் என் முதல் வாடிக்கையாளர். ஆனால் கூப்பிடவில்லை.

இந்த ஏரியாவில் பாதிப் பெண்களின் கை என் மடியில் இருந்திருக்கிறது. எத்தனை பயந்த கையாக இருந்தாலும் என்னிடம் வந்தால் அடங்கிவிடும். என் வீட்டு நாய் மட்டும் எனக்குக் காலைக் கொடுக்காது. என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். "ஊருக்கெல்லாம் நகம் வெட்டறா, வீட்டு நாய் இவளைப் பார்த்தா கட்டிலுக்கு அடியில ஓடுது" என்று வேனில் வரும் டீச்சர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாயிற்று. குண்டூசி என்று பெயர் வைத்ததும் அவர்தான். குப்பைத்தொட்டி ஓரம் கிடைத்தபோது தலை மட்டும்தான் இருந்தது, உடம்பு வெறும் கம்பி. இப்போது நன்றாகத் தேறிவிட்டாள்.

மற்ற நகங்கள் நடந்து நடந்து தேய்ந்துவிடும். முன்னங்கால்களின் உள்பக்கம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற கட்டைவிரல் நகம் தரையில் படாது, வளர்ந்து வளைந்துகொண்டே போகும். குண்டூசிக்கு இடது கால் நகம் முழு வட்டம் அடித்து நுனி சதையைத் தொட்டுவிட்டது. இனி உள்ளே இறங்க வேண்டியதுதான் பாக்கி. போன வருஷம் ஆஸ்பத்திரியில் மூன்று பேர் அவளை இரும்பு மேஜையில் அமுக்கிப் பிடித்து வெட்டினார்கள். நகத்துக்குள் ஓடும் சதையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. அவள் மேஜையிலேயே மூத்திரம் போய்விட்டாள். அதற்குப் பிறகு யார் காலைத் தொடப் போனாலும் உதடு தூக்கிப் பல்லைக் காட்டுகிறாள்.

அதனால் வீட்டுக்காரர் நாய்களை அடக்குவதில் பேர் வாங்கிய ஓர் ஆளிடம் சொல்லி வைத்திருந்தார். "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வர்றாரு. வாயைக் கட்டி, காலைக் கட்டி, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டுப் போயிடுவாரு."

"அவளைக் கட்ட விட மாட்டேன்."

"சீழ் வச்சா என்னடி பண்ணுவ? நாளைக்கு நொண்டிக்கிட்டு நிப்பா, நீதான் உக்காந்து அழுவ!"

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலைத் தினமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேனை எடுப்பார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் தோற்றால் வலி எனக்கில்லை, அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. பார்லர் பக்கமே போகாமல் படுத்துக் கிடந்தேன். ஒரு மத்தியானம் கண் விழித்தால் குண்டூசி என் உள்ளங்கையில் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்! விரல் இடுக்கைத் தொட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்தாள். காய்ச்சல் விட்டு வேலைக்குப் போய்வந்த அன்று சாயங்காலமே பழையபடி வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினாள். எனக்குச் சுருக்கென்றது. பைக்குள் இருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன், நகவெட்டிகளைத் துடைப்பதற்கு வைத்திருப்பது. மூடியைத் திருகினேன். முழுசாகத் திறக்கவில்லை, அதற்குள் அவள் கட்டிலுக்கு அடியில். அந்த ஆஸ்பத்திரி மேஜையையும் இதை ஊற்றித்தான் துடைத்தார்கள். ஊரே மெச்சுகிற என் கை, அவளுக்கு அந்த மேஜை. ஐயோ என்றிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஏறிய வாடை போவதாக இல்லை.

வாடை போகிற வரை நக வேலை வேண்டாம், அதற்காகத்தான் கதவில் அந்த அட்டை.

"நாய்க்காக வர்ற வேலையைத் துரத்துவியா? ஊர் சிரிக்குது!" என்றார் வீட்டுக்காரர்.

"சிரிக்கட்டும். நீங்க டீச்சருங்க கிட்ட சொல்லாததையா அவங்க சொல்லிடப் போறாங்க?"

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதுசாக ஒரு நகவெட்டி வாங்கி, வெறும் தண்ணீரில் கழுவி, கூடத்துத் தரையில் போட்டேன். பக்கத்தில் அவித்த முட்டைத் துண்டு. முகர்ந்தாள், தின்றாள். அடுத்து துடைப்பக் குச்சியை ஒவ்வொன்றாக வெட்டினேன். டக் என்றால் முட்டை. டக் என்றால் முட்டை. துடைப்பம் மொட்டையாகிக்கொண்டே வந்தது. உள்ளங்கையை விரித்து வைத்து அவளாகக் காலை வைக்கும்வரை காத்திருந்தேன். இழுத்தால் விட்டுவிட்டேன். பார்லரிலும் அப்படித்தான், பயந்த கையை இறுக்கிப் பிடித்தால் நகம் கோணிக்கொள்ளும். சனிக்கிழமை நகவெட்டி அவள் நகத்தில் படும்வரை வந்துவிட்டோம். வெட்டுவது மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க" என்றேன்.

"அவரு கிளம்பிட்டாரு" என்றார் வீட்டுக்காரர்.

தரையில் உட்கார்ந்தேன். உள்ளங்கையை விரித்து வைத்தேன். குண்டூசி வந்து இடது காலைத் தூக்கி உள்ளங்கையில் வைத்தாள். நான் பிடிக்கவில்லை. வளையத்துக்குள் நகவெட்டியை நுழைத்தேன். டக். வளைந்த துண்டு தரையில் விழுந்தது. அடியில் சதை சிவந்து குழிந்திருந்தது, கிழியவில்லை. முட்டையைத் தின்றுவிட்டு வலது காலைத் தூக்கினாள். அழைப்புமணி அடித்தது. அவ்வளவுதான், கட்டிலுக்கு அடியில்.

கதவைத் திறந்தால் தோளில் கயிற்றோடு அந்த ஆள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார்.

"செருப்பைக் கழட்டாதீங்கண்ணே. நீங்க கிளம்பலாம்."

"வெட்டியாச்சா?"

"ஒண்ணு வெட்டியாச்சு. இன்னொண்ணு அவ எப்பக் குடுக்கறாளோ அப்ப."

"நாய்கிட்ட போய் பர்மிஷன் கேக்கறீங்களாம்மா?" என்று சிரித்தபடி வாசற்படியில் கால் வைத்தார்.

"ஆமா, கேக்கறேன். என் வீட்டுல அப்படித்தான். கயிறு உள்ள வராது."

வீட்டுக்காரர் குனிந்து அந்த நகத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ரத்தம் இல்லை. இப்போது என்னைத்தான் திட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அந்த ஆளிடம். "வெளிச்சத்தை மறைக்கறீங்க."

நான் கட்டில் ஓரமாகக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, வெறும் கையை உள்ளே நீட்டினேன். ஈரமான மூக்கு விரலில் பட்டது. ஒவ்வொரு விரலாக, நகக்கண் நகக்கண்ணாக, நிதானமாக முகர்ந்தாள். மூக்கு விலகியது. இருட்டுக்குள் வலது கால் மெல்ல மேலே எழும்பி, என் உள்ளங்கைக்குச் சற்று மேலே, எதையும் தொடாமல் நின்றது. நான் கையை அசைக்கவில்லை.