டிரைவில் இருப்பது வேறு டிஸ்க்

ஹைவலின் புறாக்களெல்லாம் போய்விட்டன. கூண்டில் இருந்தவை பத்திரமாகத்தான் இருந்தன. போனவை டிஸ்க்கில் இருந்தவை.

வேல்ஸ் நாட்டு லனெத்லியில் இரும்பாலையை மூடிய நாளிலிருந்து அவருக்குப் பந்தயப் புறாதான் பிழைப்பு, பொழுதுபோக்கு எல்லாம். எந்தப் பெட்டைக்கு எந்த ஆணைச் சேர்த்தது, அதன் தாய் எது, பாட்டன் பிரான்சிலிருந்து எப்படிப்பட்ட புயலில் பறந்து வந்தது என்று குளிர்காலம் முழுக்க இரண்டே விரலால் தட்டித் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். பாதி விஷயம் ஊரிலுள்ள பழைய புறாக்காரர்களின் வாயைக் கிளறி வாங்கியது. அவர்களில் டாய் பெவன் கிறிஸ்துமஸ் கழிந்ததும் செத்துப்போனார். இனிமேல் அவரிடம் போய்க் கேட்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் நெரிஸ் வந்தபோது, மாடி அறையில் திரைக்கு முன்னால் கண்ணாடிச் சாமானை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன், கண்ணு."

"என்னப்பா அமுக்கின?"

"கம்ப்யூட்டர்ல சீட்டு ஆடிக்கிட்டிருந்தேன். நடுவுல நேத்துச் சேத்துவிட்ட ஜோடி ஞாபகம் வந்துச்சு. சீட்டு டிஸ்க்கை எடுத்துட்டு, புறா டிஸ்க்கைப் போட்டு, எழுதிச் சேமிச்சேன். அவ்ளோதான். எனக்கு இதுக்கெல்லாம் மூளை பத்தாது, விடு."

டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்று நெரிஸ் தட்டிக் கேட்டாள். புறா டிஸ்க்கில் சீட்டாட்டத்தின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் இயக்குதளத்தை எழுதியவளே அவள்தான். டிஸ்க்கில் எந்த இடம் காலி, எந்த இடத்தில் எது இருக்கிறது என்கிற வரைபடத்தை அது ஒரு தடவை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். டிஸ்க்கை மாற்றிவிட்டு, மாற்றினேன் என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய டிஸ்க்தான் உள்ளே இருக்கிறது என்று நம்பி, அதன் வரைபடத்தைக் கொண்டுபோய்ப் புதிய டிஸ்க்கின் தலையில் எழுதிவிடும். இது அவளுக்குத் தெரியும். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தாள். விற்பனைக்கு முன்பே அப்பாவுக்குக் கொடுத்திருந்த மாதிரிக் கம்ப்யூட்டரிலும் அதே நிரல்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நேராக கிளைவ் ப்ராசரின் அறைக்குப் போனாள். கிளைவ் அவள் வேலை செய்யும் கம்பெனியின் முதலாளி. துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய தகரக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, வீடுகளுக்கான கம்ப்யூட்டர் செய்து விற்றார். டிஸ்க்கைப் போடும் டிரைவை வடிவமைத்த கெதின் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"கையேட்டிலே தெளிவாப் போட்டிருக்கே," என்றார் கிளைவ். "டிஸ்க்கை மாத்தினா மாத்தினேன்னு தட்டணும்."

"எங்கப்பா கையேட்டை அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் படிச்சவரு. ஒரு தடவை மறந்துட்டாரு. ஒரு தடவை மறந்ததுக்குக் குளிர்காலம் முழுக்கச் செஞ்சது போகணுமா?"

"சரி, என்ன பண்ணணுங்கற?"

"ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எண் கொடுக்கலாம். எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைப் படிச்சுப் பாக்கணும். வேற டிஸ்க்குன்னா எழுதாம நின்னுடணும். ராத்திரியே எழுதி முடிச்சுட்டேன். சோதிச்சும் பாத்துட்டேன்."

"வேகம்?"

"குறையும்."

"எவ்வளவு?"

"கண்ணுக்குத் தெரியற அளவுக்கு."

கிளைவ் சிரித்தார். "பத்திரிகைக்காரன் ஸ்டாப்வாட்சைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நம்மளுது ஆமைன்னு எழுதிட்டான்னா, இந்தக் கிடங்கைத் திரும்பத் தகரம் போட்டுவைக்கக் குடுத்துட வேண்டியதுதான்."

அந்த வாரமே நிரல் சிப் செய்யும் ஆலைக்குப் போயாக வேண்டும். சிப்பில் வார்த்துவிட்டால் அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. நெரிஸ் கெதினைப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு முன்னால்தான் மீன் வறுவல் கடையில் சிப்ஸ் தின்றுகொண்டே, "டிரைவ் கதவுல ஒரு சுவிட்ச் வச்சிருந்தா டிஸ்க்கை மாத்தினது மிஷினுக்கே தெரிஞ்சிருக்கும். காசு மிச்சம்னு கிளைவ் வேணாங்கறாரு, பைத்தியக்காரத்தனம்," என்று அவன் புலம்பியிருந்தான்.

"கெதின், நீ சொல்லேன்."

கெதின் கோப்பைக்குள் பார்த்தான். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு," என்றான்.

கிளைவ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாரு, நெரிஸ். வீணாக் கவலைப்படாத. ஒருத்தனும் இதைத் திருப்பிக் கொண்டுவர மாட்டான். டிஸ்க் போச்சுன்னா, நாமதான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு அவனே நினைச்சுக்குவான். உங்கப்பாவும் அப்படித்தான நினைச்சாரு?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு எரிந்தது. தலைமுறை தலைமுறையாக மேஸ்திரி முன்னாலும் டாக்டர் முன்னாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற ஜனங்கள் அவள் ஊரார். பழியைத் தங்கள்மேலேயே போட்டுக்கொள்ளும் அந்தப் பழக்கம்தான் கிளைவின் வியாபாரத்துக்கு மூலதனம்.

"அவங்க தங்களையே முட்டாள்னு நினைச்சுக்கறதை நம்பியா நாம சாமான் விக்கிறோம்?"

"எல்லாச் சாமானும் அப்படித்தாம்மா விக்குது."

வேகமான நிரல்தான் போனது. பத்திரிகையில் மின்னல் என்று எழுதினார்கள். கெதின் கேக் வாங்கி வந்தான். அவள் மேசையில் ஒரு துண்டை வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டான்.

வெயில் காலம் தொடங்கியபோது தொலைபேசி வர ஆரம்பித்தது. வாடிக்கையாளர் சந்தேகங்களுக்கு நெரிஸ்தான் பதில் சொல்ல வேண்டும். ஹல்லிலிருந்து ஒரு லாரிக்காரர். ஸ்வான்சீயில் தேவாலயப் பாட்டுக் குழு நடத்தும் ஒரு அம்மாள். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள்: நான்தான் ஏதோ செஞ்சுட்டேன் போலிருக்கு.

"நீங்க ஒண்ணும் செய்யலம்மா," என்றாள் நெரிஸ். "தப்பு எங்களது. அந்த நிரலை எழுதினதே நான்தான்."

பாட்டுக்கார அம்மாள் சிரித்தாள். "நல்ல மனசு கண்ணு உனக்கு. ஆனா எனக்கும் மிஷினுக்கும் எப்பவும் ஆகாது. எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு."

லாரிக்காரரும் நம்பவில்லை. அடுத்தவரும் நம்பவில்லை. ஒருவராவது திட்ட மாட்டாரா, போனை ஓங்கி வைக்க மாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். எல்லோரும் நன்றி சொல்லி வைத்தார்கள்.

அவள் தப்பை ஒப்புக்கொள்ளும் விஷயம் கிளைவ் காதுக்குப் போனது. மறுநாள் தொலைபேசியை எடுத்து முன்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மேசையில் வைத்துவிட்டார்கள். அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. அவளோடு பேசுவதைத்தான் நிறுத்தினார்கள். கெதின் சாப்பாட்டு வேளையில் அறைக்கு வெளியே போய்விடுவான். கிடங்கின் தகரக் கூரையில் கடற்பறவைகள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

எண்ணைச் சரிபார்க்கும் தன் நிரலை அவள் கைவசமிருந்த ஒரு வெற்றுச் சிப்பில் ஏற்றினாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்து பொருத்தினாள். நாடு முழுக்கப் பெட்டி பெட்டியாக விற்றதில் சரியான நிரல் இருப்பது இது ஒன்றில்தான். திரையின் மேல் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று போர்த்தியிருந்தது. அவர் அதைத் தொட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று தூசி சொன்னது.

"அப்பா, இப்ப எந்த டிஸ்க்கை மாத்திப் போட்டாலும் அதுவே நின்னுடும். டாய் பெவன் சொன்ன புறா வம்சமெல்லாம் சொல்லு, நான் தட்டறேன்."

"அதெல்லாம் மறந்துபோச்சு கண்ணு."

"உனக்கா மறக்கும்? பொய் சொல்லாத."

அவர் கதவில் சாய்ந்து நின்றார். "வேணாம். மறுபடியும் நான் எதையாவது கெடுத்து வப்பேன்."

"நீ கெடுக்கலப்பா. நான் எழுதினதுதான் தப்பு. நேரம் இருந்தப்பவே சரிபண்ணாம விட்டது நான். எத்தனை தடவை சொல்றது?"

ஹைவல் அவளை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, சந்தேகமும் இல்லை.

"எனக்காகப் பழியை நீ ஏத்துக்காத," என்றார். "நம்ம குடும்பத்துல முதமுதலா பட்டம் வாங்கினவ நீ. உனக்கா தப்பு வரும்? புறா கிளப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எம்மவ மிஷினு தங்கம், நான்தான் மண்டுன்னு. சிரிச்சானுங்க. போகட்டும்."

புறாக்களுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நெரிஸ் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அப்பா, தப்பு என்னோடதுதான். கேக்குதா?"

கூண்டுக்குள்ளிருந்து அவர் கையை மட்டும் அசைத்தார். "கேக்குது கண்ணு, கேக்குது," என்றார், காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தைக்குச் சொல்வதுபோல.