ஒன்று இல்லாத மிஷின்

செல்லக்கனி அடித்தால் மட்டும் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. பேல் எனும் பஞ்சுப் பொதியின் எடையைத் தட்டி எண்டரை அழுத்தினால் வாங்கிக்கொள்ளாமல், 'முதலிலிருந்து திரும்பக் கொடு' என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நிற்கும். அதே எடையை அசீனா அடித்தால் சமர்த்தாக வாங்கிக்கொள்ளும். பேய் பிடித்த மிஷினா, என்ன எழவோ!

ப்ரோகிராமை எழுதியவள் அசீனாதான். ராஜபாளையத்து மில்லில் வேலை என்று பெற்ற அத்தாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். இந்த வேலை போனால் இனி வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். செல்லக்கனி ஆபீஸின் பழைய டைப்பிஸ்ட். சேத்தூரில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மேனேஜர் காசிராஜனுக்கு இதெல்லாம் தேவையில்லை. செல்லக்கனி வேண்டுமென்றே கெடுக்கிறாளா, அசீனாவுக்கு ப்ரோகிராம் எழுதவே தெரியவில்லையா என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"மதியச் சங்கு ஊதுறதுக்குள்ள தெரியணும். தப்பு யாருதோ, அவங்க நாளையிலருந்து வர வேண்டாம்."

அசீனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினாள். வரி வரியாகப் படித்தாள். பிழையே இல்லை. இன்னொரு தரம் அடிக்கச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் செல்லக்கனியின் விரல்களைப் பார்த்தாள்.

நூற்று எழுபத்திரண்டு. ஏழுக்கும் இரண்டுக்கும் கை மேல் வரிசைக்குப் போனது. ஒன்றுக்குப் போகவே இல்லை. வலது மோதிர விரல் இருந்த இடத்திலேயே எல் எழுத்தைத் தட்டியது.

மூலையில் உறை போட்டுக் கிடந்த செல்லக்கனியின் டைப்ரைட்டரை அசீனா போய்த் திறந்தாள். எண் வரிசை இரண்டில்தான் தொடங்கியது. அதில் ஒன்று கிடையாது. சின்ன எல் எழுத்தையே ஒன்றாக அடித்துப் பழகிய கை. காகிதத்தில் இரண்டும் ஒரே கோடுதான். கம்ப்யூட்டருக்கோ எழுத்து வேறு, எண் வேறு. பேல்களெல்லாம் நூற்றுச் சில்லறை எடை, அதனால் ஒவ்வொரு தடவையும் இடித்தது.

அப்பாடா என்றிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் செல்லக்கனி வீட்டுக்குப் போக வேண்டும்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ப்ரோகிராமை மாற்றினாள். எடையை முதலில் எழுத்தாகவே வாங்கி, எல் இருந்தால் ஒன்றாக்கி, பிறகு எண்ணாக எடுத்துக்கொள்ளும்படி எழுதினாள். செல்லக்கனி அடித்தாள். வாங்கிக்கொண்டது.

"தப்பு யாருது?" என்றார் மேனேஜர்.

"என்னோடதுதான் சார். ப்ரோகிராம்ல சில வரி விட்டுப் போச்சு."

அத்தாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

செல்லக்கனி திரையில் இருந்த புதிய வரிகளைப் பார்த்தாள். திறந்து கிடந்த டைப்ரைட்டரைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"அந்தப் புள்ள பொய் சொல்லுது சார். தப்பு என் விரல்ல. நான்தான் ஒன்னுக்கு எல் அடிச்சிருக்கேன்."

"இல்ல சார், நான்தான்," என்றாள் அசீனா.

"ஏட்டி, சும்மா கெட," என்று அதட்டினாள் செல்லக்கனி.

சங்கு ஊதியது. காசிராஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் அனுப்பிட்டா இந்தச் சனியன யாரு ஓட்டுவா?" என்று முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.