தொட்ட குதிரை

காலை ஏழு மணிக்கு எழுந்தேன். அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். "கொதிக்குது, தீயைக் குறைக்கறேன்" என்றேன். கேட்க யாரும் இல்லை. பழக்கம். காபி பொங்கி வந்ததும் இறக்கினேன். நேற்றைய ரொட்டியைச் சுட்டேன். வெண்ணெய் தீர்ந்திருந்தது. முகம் மழித்தேன். பிறகு ஈரத்துணியோடு ஜன்னலோர மேசைக்குப் போனேன். அங்கே சதுரங்கப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு காயாகத் தூக்கி, துடைத்து, அதே கட்டத்தில் வைத்தேன். ஆட்டம் பாதியில் நிற்கிறது. வெள்ளை என்னுடையது. என் முறை.

ஒரு வருஷமாக என் முறைதான்.

அன்று என் மனைவி தியோனா இறந்து ஒரு வருஷம் நிறைந்த நாள். பதினோரு மணிக்குக் கல்லறைக்குப் போனோம். என் மாமியார் சியாலா மண்ணில் கொஞ்சம் மது ஊற்றினாள். மைத்துனி லிகா பூ வைத்தாள். அவளுக்கு நிச்சயித்திருக்கும் ஸாஸா, தொப்பியைக் கையில் பிடித்தபடி எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். அவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை. வேலிக்கு வண்ணம் பூச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு என் வீட்டில். பீன்ஸ், கோதுமைக் கஞ்சி, மீன், ஸாஸாவின் அப்பா தோட்டத்து வெள்ளை மது. சியாலா எழுந்து கோப்பையை உயர்த்தினாள்.

"என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா தெரியுமா? 'அம்மாவப் பாத்துக்கோ'ன்னு சொன்னா. சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா."

அப்போது ஆஸ்பத்திரி அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். மறுத்துப் பேசவில்லை. குடித்தோம். கோப்பைகளை முட்டவில்லை. துக்க மேசையில் முட்டுவது வழக்கமில்லை.

ஸாஸா இரண்டாம் முறை மீன் போட்டுக்கொண்டபோது லிகா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"கேளு."

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அந்தப் பலகை எனக்கு வேணும்."

சியாலா தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்தாள். இது முன்பே பேசி வைத்த விஷயம் என்று புரிந்தது. அந்தப் பலகை சியாலாவின் பாட்டியோடு இந்தக் குத்தாய்சி நகரத்துக்கு வந்தது. பிறகு சியாலாவின் அம்மாவோடு, பிறகு சியாலாவோடு, பிறகு தியோனாவோடு என் வீட்டுக்கு. இந்தக் குடும்பத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போனால் பலகையும் போகும். அடுத்த பெண் லிகா. கேட்டதில் தப்பு இல்லை.

"முடியாது" என்றேன்.

எனக்கே ஆச்சரியம். ஒரு வருஷமாக யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்லி வந்தேன். தியோனாவின் கோட்டு, தையல் இயந்திரம், கழுத்துமாலை, எல்லாவற்றுக்கும் சரி.

"அது பொண்ணுங்க பலகை அத்தான். உங்களுக்கு எதுக்கு? ஜன்னலோரம் பூஜாடி மாதிரி வச்சிருக்கீங்க."

"ஆட்டம் முடியல."

"என்ன ஆட்டம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். லிகாவின் முகம் சிவந்தது. ஸாஸா மீனை மெல்லுவதை நிறுத்தினான். சியாலா கையைத் துடைத்துக்கொண்டாள். இருபது வயதில் நகரத்துச் சதுரங்க அணியில் ஆடியவள் அவள். சண்டை வரும்போது அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"ஆடித் தீத்துக்கோங்க. ஜெயிச்சவங்க வச்சுக்கட்டும்."

"அம்மா! அத்தான் பாவம். பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்." லிகா தினமும் கைபேசியில் முகம் தெரியாதவர்களோடு மின்னல் வேகத்தில் ஆடுபவள். என்னைத் தூங்கிக்கொண்டே தோற்கடிப்பாள்.

"இரும்மா, முழுசாக் கேளு. தியோனா விதிப்படி ஆடணும். வாயால காரணம் சொல்லாம யாரும் காயத் தொடக் கூடாது. காரணம் சரியான்னு நான் சொல்லுவேன். தொட்டா நகத்தணும்."

தியோனா பள்ளியில் சதுரங்க ஆசிரியை. கல்யாணம் ஆனபோது எனக்குக் காய்கள் எப்படிப் போகும் என்பது மட்டும் தெரியும். முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் யானையை நகர்த்தினேன். ஏன் என்று கேட்டாள். சும்மா என்றேன். "சும்மாவுக்கு எல்லாம் யானைய அனுப்பாத, பெசிக். நாளைக்கு நீ பாலம் கட்டணும்" என்றாள். நான் சாலைத் துறையில் பொறியாளன். அன்றிலிருந்து ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று பதில் சொல்ல வேண்டும். எதிராளிக்கு என்ன வேண்டும்? உனக்கு என்ன வேண்டும்? அதற்கு ஏன் இந்தக் காய்? முதல் பதில் சொல்லாமல் இரண்டாவதுக்குப் போனால் கையில் அடிப்பாள். நான் வாயால் யோசிக்கப் பழகிவிட்டேன். வாயை மூடினால் எனக்கு ஆட்டமே தெரியாது. சமையலறையில்கூட இப்போதும் அப்படித்தான்.

ஜன்னலோர மேசைக்குப் போனேன். நின்றிருந்த ஆட்டத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். எது எங்கே என்று கண்ணை மூடினாலும் தெரியும். பிறகு கலைத்தேன்.  பலகையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். ஸாஸா மீன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டான்.

வெள்ளை எனக்கு வந்தது.

"லிகாவுக்கு நடு வேணும். எனக்கும் நடு வேணும். நடுவுல முதல்ல நிக்கறவன் ரெண்டு பக்கமும் போகலாம். அதனால ராஜா முன்னாடி சிப்பாய் ரெண்டு கட்டம்."

"ஆரம்பத்துலயே பிரசங்கமா? விடிஞ்சிரும்" என்றாள் லிகா. "அதே காரணம். அதே சிப்பாய். நகத்தியாச்சு."

"ஏத்துக்கறேன்" என்றாள் சியாலா.

முதல் பத்து நகர்வு அவளுக்குச் சுலபம். காரணங்களைத் துப்பாக்கிக் குண்டு போலச் சுட்டாள். பிறகு என் முறைகளில் ஏதோ அவளை உறுத்தத் தொடங்கியது.

"லிகா அந்த மந்திரியக் குறுக்கால கொண்டுவரப் பாக்கறா. என் ராஜா பக்கத்துல ஓட்ட போடணும் அவளுக்கு. அடுத்தது ராணி பின்னாடியே வரும். அதனால நான் இந்தக் குதிரைய இங்க வைக்கறேன்."

"என் மனசுல இருக்கறத ஏன் ஊருக்கே சொல்றீங்க?"

"விதி அதுதானே."

"அம்மா, இவரு என்னையச் சத்தமா வாசிக்கறாரு. நல்லாவா இருக்கு?"

"நீயும் அவர வாசி. யாரு தடுத்தா?"

லிகா என் பக்கத்துக் காய்களைப் பார்த்தாள். எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. கைபேசியில் யாரும் அதைக் கேட்பதில்லை. "இவருக்கு... எங்கிட்ட தோக்கக் கூடாது" என்றாள்.

"அது எனக்கும் தெரியும். காயச் சொல்லு."

"சரி, யானைய நடு வழிக்குக் கொண்டுவரப் பாக்கறாரு. வச்சுக்கட்டும்."

ஆனாலும் அவள் நல்ல ஆட்டக்காரி. ராணிகளை மாற்றிக்கொண்டோம். அதில் நான் ஒரு சிப்பாயை இழந்தேன். சிறு காய்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குப் போயின. எனக்கு ஒரு யானை, ஒரு குதிரை. அவளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. அவளுடைய ராஜா மூலையில் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. என் குதிரை அவள் எல்லைக்குள் ஆழமாக நின்றது. அதே நேர்கோட்டில், அதற்குப் பின்னால், என் யானை.

லிகா தன் யானையை என் பக்கம் இறக்கி இரண்டாவது சிப்பாயை எடுக்கக் கை நீட்டினாள்.

"காரணம்?" என்றாள் சியாலா.

"கிடைச்சுது. திங்கறேன்."

"அது காரணமா?"

"பசிம்மா."

ஸாஸா சிரித்துவிட்டான். சியாலாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பசின்னு எழுதிக்கறேன். எடு."

இரண்டு சிப்பாய் குறைவு எனக்கு. இன்னொன்றும் அவள் யானையின் பார்வையில் இருந்தது. அதைக் காப்பாற்ற என் யானையைப் பக்கவாட்டில் நகர்த்தலாம் என்று நினைத்தேன். அப்படி ஆடினால் மெதுவாகத் தோற்பேன் என்பதும் தெரிந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தபோது ஸாஸா என் கோப்பையை நிரப்பினான். ஒரு துளி தெறித்து என் குதிரையின் கழுத்தில் விழுந்தது.

நான் துடைத்தேன். யோசிக்கவே இல்லை. கட்டைவிரலால் கழுத்தை ஒரு தரம், தினமும் காலையில் செய்வது போல.

"தொட்டாச்சு!" லிகா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அம்மா, பாத்தீங்களா? தொட்டாரு!"

"ஐயோ, நான்தான் சிந்தினேன்" என்றான் ஸாஸா. "அவரு சும்மா துடைச்சாரு."

"துடைக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லணும்" என்றாள் சியாலா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "மாப்ளே, விதி உங்களுக்கே தெரியும்."

"தெரியும் அத்தை."

குதிரையை நகர்த்தியாக வேண்டும். முன்னால் போகும் கட்டங்களைப் பார்த்தேன். ஒன்றிலும் பயன் இல்லை. லிகா கைகளைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தாள், தன் வீட்டு அலமாரியில் அதை எங்கே வைப்பது என்று அளப்பவள் போல.

வாயைத் திறந்தேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

"லிகாவுக்கு என்ன வேணும்? இன்னொரு சிப்பாய். அதுக்காக யானைய வீட்ட விட்டு அனுப்பிட்டா. அப்ப வீட்டுல யாரு இருக்கா? ராஜா மட்டும். மந்திரியும் தூரத்துல இருக்கு. முன்னாடி அவளோட சிப்பாயுங்களே கதவ அடைச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு என்ன வேணும்? என் யானை அவ கடைசி வரிசைக்குப் போகணும். போனா செக்மேட். போக விடாம குறுக்க நிக்கறது யாரு?"

பலகைமேல் குனிந்தேன்.  

"என் குதிரை" என்றேன். "நான்தான் என் வழிய மறிச்சிருக்கேன். அது நகந்தாப் போதும். ஆனா சும்மா நகந்தா லிகாவுக்கு ஒரு முறை கிடைக்கும், ஒரு சிப்பாய நகத்திக் கதவத் திறந்துக்குவா. அதனால நகரும்போதே எதையாவது அடிக்கணும். முன்னாடி எதுவும் இல்ல. பின்னாடி வரேன்."

குதிரையைத் தூக்கி இரண்டு கட்டம் பின்னால், ஒன்று பக்கத்தில் வைத்தேன். பசியோடு வந்த அவள் யானையைக் குறிவைத்து.

"ஒண்ணு, இது உன் யானைய அடிக்குது. ரெண்டு, வழி திறந்தாச்சு."

 சியாலா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏத்துக்கறேன்" என்றாள். அன்று அதுவரை அந்தச் சொல்லை அவள் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

லிகா உட்கார்ந்தாள். முதல் முறையாக மெதுவாகப் பேசினாள்.

"யானையக் காப்பாத்தினா மேட். ராஜாவுக்குக் கதவத் திறந்தா யானை போயிரும். யானையக் குறுக்க வச்சா... குதிரை தின்னுரும்." விரலால் காற்றில் ஒவ்வொரு வழியையும் போய்ப் பார்த்துத் திரும்பினாள். "ச்சே. எவ்ளோ அழகா இருக்கு."

கதவைத் திறந்தாள். யானையை எடுத்தேன். அதன் பிறகும் பிடிவாதமாக ஆடினாள். ஒவ்வொரு காரணமும் இப்போது முழுசாக, ஒழுங்காக வந்தது. கடைசியில் தன் ராஜாவைப் படுக்க வைத்தாள்.

"காரணம்?" என்றாள் சியாலா.

"அத்தான் ஜெயிச்சுட்டாரும்மா."

"ஏத்துக்கறேன்."

"வாழ்க!" என்று கத்தி ஸாஸா எழுந்தான். கோப்பையை எடுத்து என் கோப்பையில் ஓங்கி முட்டினான். கண்ணாடிச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. உடனே அவன் முகம் வெளுத்தது. "மன்னிச்சிருங்க அத்தை. மறந்து... துக்க மேசைன்னு..."

சியாலா அவனையே பார்த்தாள். பிறகு தன் கோப்பையை எடுத்தாள். மேசையைச் சுற்றி என்னிடம் வந்தாள். என் கோப்பையில் முட்டினாள். ஸாஸாவின் கோப்பையிலும் முட்டினாள்.

"வருஷம் முடிஞ்சுது" என்றாள். "குடிங்க மாப்ளே."

லிகாவும் முட்டினாள், மது சிந்தும்படி. இந்த முறை பலகைமேல் கை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"பலகை இங்கயே இருக்கட்டும்" என்றாள். "ஆனா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வருவேன். ஜெயிக்கற அன்னிக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். ஸாஸாதான் சுமக்கணும்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"மது சிந்தினியே, அது போதாதா?"

நான் சிரித்தேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. லிகா திரும்பிப் பார்த்தாள், பீன்ஸை என் தட்டில் போட்டாள். ஆறியிருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

அவர்கள் போனபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. பலகையைப் பழைய இடத்தில் வைத்தேன். நின்றிருந்த ஆட்டத்தை மறுபடி அடுக்கினேன், ஒவ்வொரு காயும் தன் கட்டத்தில். தியோனாவுக்கு என்ன வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். ஏன் குதிரை என்று சொன்னேன். எடுத்து நகர்த்தினேன். நல்ல நகர்வு. அவள் தடுமாறியிருப்பாள்.

அவளுடைய கடைசி நாளில், ஆஸ்பத்திரியில், இந்த ஆட்டம் அவள் போர்வைமேல் இருந்தது. நான் இதே குதிரையைத் தொட்டேன். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன். அவள் அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமல் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்.

"தொட்டுட்ட, பெசிக். இனி அதத்தான் நகத்தணும்."