முப்பத்தொன்றாம் பக்கம்

“ஆமா, நான்தான் இழுத்தேன். சரியாத்தான் இழுத்தேன்” என்றாள் கோரா லீ.

பதினெட்டு வருஷமாகச் சிறார் கோர்ட்டில் வாதாடுகிறேன். செய்யவே இல்லை என்று சாதிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். குற்றத்தைச் செய்துவிட்டு அதற்கு நூற்றுக்கு நூறு மார்க் எதிர்பார்க்கிற பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நல்லவேளை, அதை அவள் சொன்னது நீதிபதியிடம் இல்லை. கோர்ட் வராந்தாவில், என்னிடம். விசாரணைக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.

கோரா லீ ஸ்டம்பருக்கு வயது பதினான்கு. ஆட்டிசம். ஒஹையோ மாநிலத்தில் எங்கள் மாவட்டத்தில் இருக்கும் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்றில் சேர்ந்து ஆறு வாரம்தான் முடிந்திருந்தது. ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை, பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த தீ அபாயப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அறுநூறு மாணவர்கள் மைதானத்துக்கு ஓடினார்கள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. தீ மட்டும் இல்லை.

பொய் எச்சரிக்கை கொடுத்து பீதி கிளப்பியதாகக் குற்றச்சாட்டு. அரசு வக்கீல் தாராள மனசோடு ஒரு வழி சொன்னார்: ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு, அதோடு முடிந்தது. ஆனால் அதோடு முடியாது. கோர்ட்டில் குற்றம் உறுதியான மறுநாளே அவளைப் பக்கத்து மாவட்டத்திலிருக்கும் மாற்றுப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதாகப் பள்ளி நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

“அங்க போனா லஞ்ச்சுக்கு டெஸ்ஸாவும் பைப்பரும் இருக்க மாட்டாங்க” என்றாள் கோரா லீ, என் காது வளையத்தைப் பார்த்தபடி. “எனக்குன்னு ஒரு சேர் பிடிச்சு வெப்பாங்க. இதுக்கு முன்னாடி யாரும் வெச்சதில்ல.”

பக்கத்தில் அவளுடைய அப்பா வெய்ன் ஒரு டஜன் டோனட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டயர் கடையில் வேலை. கோர்ட்டுக்கு வெறுங்கையோடு வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாங்கி வந்துவிட்டாராம். நீதிபதிக்குக் கொடுத்தால் லஞ்சமாகிவிடும் என்று சொல்லி, ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

சரியாக இழுத்தேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்டேன்.

“நாலாவது படி. முப்பத்தொண்ணாம் பக்கம்.” என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். “பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எங்கிட்டப் போய் கேக்குறீங்களே?”

எனக்குச் சுரீரென்றது. இப்படிப்பட்ட மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் வருஷா வருஷம் ஆசிரியர்கள், பெற்றோர், ஆலோசகர் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு திட்டம் போடுவார்கள். என்ன உதவி, எப்போது, யார் செய்வது, எல்லாம் அதில் இருக்கும். மாணவர்மேல் பள்ளி புகார் கொடுத்தால் அந்த ஃபைலின் நகலையும் கூடவே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எனக்கு வந்ததோ ஒன்றரைப் பக்கப் போலீஸ் அறிக்கை மட்டும்தான்.

வெய்ன் எழுந்து வெளியே நின்ற தன் வண்டிக்கு ஓடினார். டாஷ்போர்டு அறையிலிருந்து, கிரீஸ் கறையோடு, நாற்பத்திரண்டு பக்கத் திட்டம் வந்து சேர்ந்தது. நடந்துகொண்டே புரட்டினேன். முப்பத்தொன்று.

வகுப்பில் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று தலைப்பு. முதல் படி, மஞ்சள் அட்டையைக் காட்டு. இரண்டாவது, சிவப்பு அட்டை. மூன்றாவது, வெளியே போகலாமா என்று கேள். யாரும் கவனிக்காவிட்டால் நாலாவது படி. அங்கே ஒரு போட்டோ: கதவு, பக்கத்தில் சிவப்புப் பெட்டி, அதில் வெள்ளைக் கைப்பிடி. கைப்பிடியை இழுக்கும் ஒரு குட்டிக் கை.

“அது என் கை. மூணாங்கிளாஸ்ல எடுத்தது” என்றாள் கோரா லீ.

பழைய பள்ளியில் அவளுடைய வகுப்பில் அப்படியொரு பெட்டி உண்டு, தீக்காக அல்ல, உதவிக்கு ஆள் கூப்பிட. இழுத்தால் ஆபீசில் விளக்கு எரியும், யாராவது வருவார்கள். ஐந்து வருஷம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இழுத்துப் பழகினாள். சரியாக இழுத்தால் ஒரு ஜெல்லி மிட்டாய். பள்ளி மாறியபோது திட்டத்தின் முதல் பக்கத்தில் பள்ளிப் பெயரை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்கள். பதினோரு பேரும் கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வெய்ன் தன் கையெழுத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. “எல்லாம் படிச்ச மனுஷங்க டெல்மா. அவங்க போட்டாங்களேன்னு நானும் போட்டேன்” என்றார் என்னிடம்.

உள்ளே நீதிபதி பெர்னிஸ் ஹால்வர்சன் உட்கார்ந்திருந்தார். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பெயர் வாங்கியவர். முதல் சாட்சி, பள்ளியில் காவலுக்கு இருக்கும் போலீஸ்காரர் கிரேடி. நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். உள்ளதுதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. எல்லோரும் மைதானத்தில் பதறிக்கொண்டு நின்றபோது கோரா லீ சிரித்துக்கொண்டிருந்தாளாம். வாய் நிறைய. பயந்துபோன பிள்ளை அப்படிச் சிரிக்குமா என்று அரசு வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். பரீட்சையைக் கெடுக்கச் செய்த குறும்பு என்று முடித்தார்.

அடுத்தது தலைமையாசிரியர் லூபெக். முப்பத்தொன்றாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி பார்த்தார். அன்று வந்திருந்தவர் பதிலி ஆசிரியர் என்றும், மேலே ட்யூப் லைட் காலையிலிருந்து ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது என்றும், கோரா லீ இரண்டு அட்டைகளையும் காட்டியும், வெளியே போகலாமா என்று கேட்டும், பேசாமல் உட்கார் என்றே பதில் வந்தது என்றும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். கடைசியில் இந்தப் பக்கத்தைப் படித்தாரா என்று கேட்டேன். கூட்டத்துக்குப் பதினைந்து நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தார்கள் என்றார்.

“இதை யாராவது படித்தீர்களா?” நீதிபதி அறையையே பார்த்துக் கேட்டார்.

ஒரே ஒரு கை உயர்ந்தது.

“நான் படிச்சேன். ரெண்டு தடவ” என்றாள் கோரா லீ.

நான் அவளை உட்கார வைக்கப் பார்த்தேன். அரசு வக்கீல் முந்திக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்று இப்போதே கேட்கலாமே என்றார். எதிராளி கேட்கச் சொல்லும் கேள்விக்குக் கட்சிக்காரரைப் பதில் சொல்லவிடுவது என் தொழிலில் தற்கொலை. ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. பதில் எதுவாக இருந்தாலும் உண்மையாகத்தான் இருக்கும். தலையசைத்தேன்.

“ஏன் சிரிச்சே கோரா லீ?” நீதிபதியே கேட்டார்.

“அஞ்சாவது படி. ஒருத்தர் உதவிக்கு வருவாங்கன்னு போட்டிருக்கு.” விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். “ஒருத்தர் இல்ல. எல்லாரும் வந்தாங்க. ரெண்டு வண்டி வந்துச்சு. ஹெல்மெட் போட்ட ஒருத்தர் ‘உனக்கு ஒண்ணும் இல்லியேம்மா’ன்னு கேட்டாரு. இவ்வளவு பேர் வருவாங்கன்னு திட்டத்துல இல்ல. ஆனா ரொம்ப நல்லா இருந்துச்சு.”

கிரேடி தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நீதிபதி ஒரு ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஃபைல் கீழே இறங்கியபோது முகம் பழையபடி கல்லாக இருந்தது. கண் ஓரம் மட்டும் ஈரம்.

“இந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததைச் செய்திருக்கிறாள். சொல்லிக்கொடுத்தவர்கள்தான் படிக்கவில்லை. குற்றச்சாட்டு தள்ளுபடி.” பேனாவை மூடினார். “மிஸ்டர் லூபெக், அந்த மாற்றுப் பள்ளிக் கடிதம்...”

கடிதத்தை இப்போதே வாபஸ் வாங்குவதாக அவர் அவசரமாகச் சொன்னார்.

வெய்ன் மகளைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தார், அது அவளுக்குப் பிடிக்காது என்று ஞாபகம் வந்து, உள்ளங்கையை மட்டும் நீட்டினார். கோரா லீ அதில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவருக்கு அது போதும் போலிருந்தது. டோனட் பெட்டியை அரசு வக்கீல் உட்பட எல்லோரிடமும் நீட்டிக்கொண்டு போனார்.

அன்று மதியமே பள்ளி நூலகத்தில் திட்டத்தை மாற்றி எழுதக் கூட்டம். பதினோரு பேரும் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே கிரேடியும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சிவப்புப் பெட்டி போட்டோ போய், ஆலோசகரின் அறைக் கதவு போட்டோ வந்தது. ஒரு மணி நேரத்தில் புதிய திட்டம் தயார். லூபெக் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை எடுக்கக் கை நீட்டினார்.

அந்தப் பக்கத்தின்மேல் கோரா லீயின் முழங்கை இருந்தது.

“மொதல்ல படிங்க. எல்லாரும் கேக்கற மாதிரி.”

லூபெக் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நன்றாகத்தான் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் வேகம் பிடித்தது.

“ரெண்டு வரி விட்டுட்டீங்க” என்றாள் கோரா லீ.

தலைமையாசிரியர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனார்.