கோள்மூட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், மஞ்சள் விளக்கு மட்டுமே எரியும் எங்கள் மஞ்சள் ரூம் சுவரிலிருந்து அந்தப் பெட்டியை இன்று கழற்றினார்கள். லேசர் தூசி எண்ணி என்று பெயர். நாங்கள் வைத்த பெயர் கோள்மூட்டி. அறைக் காற்றை உறிஞ்சி லேசர் கதிருக்குக் குறுக்கே விடும். ஒரு துகள் மினுங்கினாலும் எண்ணிவிடும். அளவு மீறினால் ஊரைக் கூட்டும். புதுக் கருவி கத்தாதாம், கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புமாம். நல்ல வளர்ப்பு.

எனக்கென்னவோ அந்தப் பாழாய்ப்போன பெட்டியைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

பதினேழு வருடங்களுக்கு முன் நானும் துளசியும் அதன் கீழேதான் வேலை செய்தோம். ஒளி பட்டால் இளகும் பூச்சு தடவிய தட்டுகளில் லேசரால் சென்சார் கோடுகளை எழுதுவோம். தலைமுடியை நூறாகப் பிளந்தால் ஒரு இழை வருமே, அந்த அகலம். தூசி விழுந்தால் தட்டு குப்பைக்கு. அதனால் பவுடர் கூடாது, மை கூடாது. வெள்ளை அங்கிக்குள் கண் மட்டும்தான் தெரியும். கண்ணாலேயே சிரிப்போம், கண்ணாலேயே சூப்பர்வைசர் மோகனராஜைத் திட்டுவோம். அப்படிச் சிரிக்க எனக்குப் பிறகு ஆளே கிடைக்கவில்லை.

அன்று தைப்பூசத்துக்கு மறுநாள். என் மகள் ஹுஸ்னாவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். உடை மாற்றும் அறையில் துளசி ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"தண்ணீர்மலை முருகன்கிட்ட ஹுஸ்னாவுக்கு வேண்டிக்கிட்டேன் மர்ஜானா. நீ பூச வேணாம்லா. சும்மா கிட்ட வச்சிக்கோ."

என் பிள்ளைக்காக அத்தனை படி ஏறியவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? லாக்கரில் வைத்திருக்கலாம். அறிவுகெட்டவள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே அங்கியை மாட்டினேன்.

பத்து மணிக்குக் கோள்மூட்டி கத்தியது. குனிந்து நிமிர்ந்ததில் பொட்டலம் பிரிந்து, அங்கியின் கழுத்து வழியாக வெளியே வந்திருக்கிறது. எட்டுத் தட்டுகள் பாழ். மோகனராஜ் ஓடிவந்தார். முந்தின நாள் அதே கோயிலில் மொட்டை போட்டவர்தான் அவரும். ஆனாலும் துளசியைத்தான் பார்த்தார்.

"திருநீறுலா இது! கோயிலுக்குப் போனா குளிச்சிட்டு வரத் தெரியாதா துளசி?"

நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வரவில்லை. வேலை போய்விடும் என்பது பாதிப் பயம். மர்ஜானா பையில் திருநீறு என்று வீடுவரை பேச்சுப் போகுமே என்பது மீதிப் பயம். துளசி என்னைப் பார்த்தாள்.

"சாரி சார்" என்றாள்.

அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அவள் கண்ணில் படாமல் நான் ஒதுங்கிக்கொண்டேன். இரண்டே மாதத்தில் அவள் வேலையை விட்டாள். அதன்பிறகு புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் மோகனராஜ் 'துளசி திருநீறு' கதையைச் சொல்லிப் பாடம் எடுப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

இன்று பெட்டியைக் கழற்றும்போதும் அதே கதையைச் சொல்லிச் சிரித்தார். என்னால் தலையாட்ட முடியவில்லை.

"அது என் பையிலேர்ந்து கொட்டுனது சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. கழற்றிய பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "என்கிட்ட சொல்லி என்ன? அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

கடல் பாலம் தாண்டி, செபராங் ஜெயாவிலிருக்கும் துளசி வீட்டுக்குப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது, கண் அதே கண். வாசலிலேயே கொட்டித் தீர்த்தேன். "நான்தான்னு இன்னிக்குச் சொல்லிட்டேன் துளசி" என்று அழுதேன்.

"எனக்கா தெரியாது? நான் குடுத்த பொட்டலம்தானே" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "ஒன்னுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஹுஸ்னாவுக்குக் காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"அன்னைக்குச் சாயந்தரமே" என்றேன்.

பதினேழு வருடமாக அதைக்கூட நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.