வில்னியஸில் பேசியது

வில்னியஸைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். பாரிஸில் பெரியம்மா இருக்கிறார், லண்டனில் மாமா, ஒஸ்லோவில் அப்பாவின் கூட்டாளிகள். எந்தத் தலைநகருக்குப் போனாலும் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிட்டாக வேண்டும். லித்துவேனியாவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. அங்கே வைத்துக் கார்த்திகனிடம் என் விருப்பத்தைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

டோர்ட்மண்டில் செவ்வாய் மாலைகளில் நடக்கும் புகைப்பட வகுப்பில் நாங்கள் மூன்று தமிழர். கார்த்திகன் என்னைப் போல இங்கேயே பிறந்த ஈழத்தமிழர். வர்ஷா கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவள். குளிர்கால நகரம் ஒன்றைப் படமெடுத்து வரும்படி ஆசிரியை சொன்னதும் விமானம், விடுதி, எந்தக் காலையில் எந்தத் தெரு என்பதுவரை நான் திட்டமிட்டேன். வர்ஷாவைக் கூப்பிட்டது கார்த்திகன். கூட ஒரு பெண் வந்தால்தான் வீட்டில் விடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சரியான சமாதானமா என்று இன்னும் தெரியவில்லை.

முதல் நாள் பழைய நகரத்தில் நான் தேவாலயங்களைப் படமெடுத்தேன். கார்த்திகனின் படங்கள் எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில் வர்ஷாவின் சிவப்புத் தொப்பி இருந்தது. அவள் விரல்கள் விறைத்தபோது தன் கையுறையைக் கழற்றி மாட்டிவிட்டார். டோர்ட்மண்டில் பிறந்தவளுக்குக் குளிராது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். குன்றின் மேலிருக்கும் பழைய கோபுரத்தைப் படமெடுக்க அவர்கள் இருவரும் போனார்கள். மதியம் வர்ஷா மட்டும் அறைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"கோபுரத்துக்குப் போகவே இல்ல மிது. வழியில காபிக் கடையில உட்கார வச்சு ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

எங்கள் வீட்டில் அம்மா பேசினார் என்றால் ஏசினார் என்றுதான் பொருள். சாதாரணமாக உரையாடுவதைக் கதைப்பது என்போம். ஒரு மணி நேரம் ஏச்சு. அவளைக் கட்டிலில் இருத்தித் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தத் தேநீரை ஊற்றும்போது எனக்கிருந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"நீ அழாதை. நான் போய்க் கேக்கிறன்."

"என்னத்த கேப்ப?" என்றாள் வர்ஷா. நான் கீழே இறங்கினேன்.

கார்த்திகன் விடுதியின் உணவறையில் தனியே இருந்தார்.

"ஏன் அவளைப் பேசினனீங்கள்? பாவம், அழுதிட்டு வந்திருக்கிறாள்."

"ஆர் பேசினது? நான் கதைச்சனான்." பிறகு சிரித்தார். "நீர் தமிழ்ப்படமே பாக்கிறேல்லையா? அவவின்ரை ஊர் ஆக்கள் கதைக்கிறதைத்தான் பேசுறது எண்டு சொல்லுறவை."

தெரியும். எத்தனை படங்களில் கேட்டிருக்கிறேன். ஆனாலும் எனக்குப் பிடித்த அர்த்தத்தையே எடுத்துக்கொண்டேன்.

"ஒரு மணித்தியாலமா என்னத்தைக் கதைச்சனீங்கள்?"

"கலியாணம் செய்வமோ எண்டு கேட்டனான். அவ ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போயிட்டா. அழுதவவோ? அது நல்லதோ கூடாதோ?"

"எனக்கென்ன தெரியும்."

"மிதுசா, உம்மட்டைக் கட்டாயம் கேப்பா. நல்ல பொடியன் எண்டு ஒரு வசனம் சொல்லும். நீர் சொன்னா நம்புவா."

"ஏலாது."

"ஏன், நான் கூடாத ஆளோ?"

"நல்ல ஆள் எண்டு எனக்குத் தெரியும். அதாலைதான் ஏலாது."

அவர் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாது, மிதுசா" என்றார். அது உண்மை. நான் எப்போதாவது சொல்லியிருந்தால்தானே தெரியும்.

"அவள் மேலைதான் இருக்கிறாள். நீங்களே போய்க் கேளுங்கோ" என்றேன்.

கொஞ்ச நேரமாவது தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். மின்தூக்கி வரும்வரைகூட அவர் நிற்கவில்லை. படிகளில் ஓடினார்.